நாலாம் பொத்தான்

தொண்டியில் பழைய சுங்கக் கிட்டங்கிக்குள்
ஒரு நீதிமன்றத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.
போர் முடிந்த மறுவருஷம்
கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில்
காட்டுக்குள் ரயில் பாதை போட வைத்தவர்களை
விசாரித்த கூடம் இப்படித்தான் இருந்ததாம்.
போட்டோ பார்த்து, அளவெடுத்து,
ஜன்னல் கொக்கி வரைக்கும் அப்படியே.

நான் போனது பழுது பார்க்க.

நீதிபதிகள் ஐந்து பேரும்
பரமக்குடி ஜவுளிக்கடையில் நின்றவர்கள்.
சட்டை மாறியிருக்கிறது, மீசை ஒட்டியிருக்கிறது.
உதட்டில் இருந்த ஆடித் தள்ளுபடிச் சிரிப்பை மட்டும்
எத்தனை கோட் பெயிண்டும் மூடவில்லை.
கூண்டில் பதினோரு பேர், கழுத்தில் எண் அட்டை.
அவர்களும் சிரிக்கிறார்கள்.

பார்வையாளர் பெஞ்சில் ஆளுக்கொரு ஹெட்போன்,
நாலு பொத்தான்.
ஒன்று இங்கிலீஷ், இரண்டு ஜப்பான், மூன்று மலாய்.
நாலை அமுக்கினால்
தமிழ் என்று பச்சை விளக்கு எரிகிறது.
பேச்சு இல்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அமுக்கி அமுக்கி
எண்ணே அழிந்துவிட்டது.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்ட் வருகிறது.
உப்புக்காற்றில் களிம்பேறிய ஒரு முனையைச் சுரண்டினேன்,
அது வேறு லைன்.
"வயர்ல கோளாறு இல்ல மேடம்."

பொறுப்பாளர் ஜைபுன்னிசா கண்ணாடியைத் துடைத்தார்.
"தெரியும். கிடைச்ச தாள்ல தமிழ்ல ஒரு வரி இல்ல.
'கூலிகள், தொகை தெரியவில்லை'ன்னு
ஒரே ஒரு இடத்துல வருது.
யாரையாவது நடிச்சுப் பேச வைக்கலாம்ங்குது கமிட்டி.
நான் கையெழுத்துப் போடல."
அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?
"பழுது இல்லைன்னு ஒருத்தர் எழுதித் தரணும்."

தடைக்காலம்.
சோலியக்குடிக் கார்மேகம்
பத்து ரூபாய் டிக்கெட்டில் ஃபேன் காற்று வாங்க வந்திருந்தார்.
பெஞ்சுக்குப் போகாமல் கயிற்றைத் தாண்டி
நேரே கூண்டுக்குள் ஏறி
ஏழாம் எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி நின்றுகொண்டார்.
"கால் பழகிப் போச்சு, தம்பி."
கைப்பிடியைத் தடவினார்.
"வார்னிஷ் வாசம் வருது.
நெசக் கூண்டுல இந்த இடம் கறுத்திருக்கும்,
பிடிச்சுப் பிடிச்சு."

எல்லை தாண்டியதாக அக்கரையில் நாலு மாசம் இருந்தவர்.
"அர மணி நேரம் பேசுனாங்க. ஒரு எழுத்து புரியல.
ரெண்டு வக்கீலுக்குச் சண்டை. நீதிபதி சிரிச்சாரு.
யாருக்கோ தண்ணி கொண்டாந்தாங்க.
கடைசில மொழிபெயர்க்கிறவரு எங்க பக்கம் திரும்பி
பதினாலு நாள்னாரு.
அம்புட்டுத்தான்."

பெஞ்சிலிருந்து ஹெட்போனை எட்டி எடுத்து மாட்டினார்,
நாலை அமுக்கினார்.
சொல்ல வாயெடுத்தேன். மேடம் கைகாட்டினார்.
வலையை ஏற்றுமுன் கயிற்றை விரலில் வைத்து
கீழே என்ன கனக்கிறது என்று பார்ப்பவர் போல
கேட்டுக்கொண்டே நின்றார்.
ஃபேன் சுற்றியது.
வெளியே கடல், எங்கள் பக்கத்துக் கடல்,
கண்மாய் மாதிரி அசையாமல் கிடந்தது.

"சரியாத்தான இருக்கு" என்று கழற்றினார்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு பெயர் கப்பல் ஏறியது: வேலாண்டி.
பட்டாவில் அவர் பங்கு இன்னும் பிரியாமல் கிடக்கிறது.
செத்ததற்குச் சான்று வேண்டும் என்கிறார்கள்
தாலுகா ஆபீஸில்;
பார்த்தவர் யாராவது உண்டா என்கிறார்கள்.
போன மாசமும் கேட்டார்கள்.
வேலியில் சீமைக்கருவேலம்
யார் பங்கு என்று பார்க்காமல் வளர்கிறது.

பில் புத்தகத்தில் எழுதினேன்:
நாலாம் பொத்தான் சோதித்தது. பழுது இல்லை.
அடுத்த கட்டத்தில் அச்சடித்தே இருக்கிறது,
கூலி என்று.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிறகு முந்நூற்றைம்பது என்று போட்டேன்.
பெட்ரோல் தனி.